மண்ணின் தந்தை பிர்சா முண்டா

நுழைவாயில்

ராஞ்சி நகருக்கு வானூர்தியில் செல்வோர் இறங்கும் நிலையத்திற்குப் பிர்சா முண்டாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் அவருடைய திருவுருவப் படம் இடம்பெற்றுள்ளது. ஜார்க்கண்ட் மாநிலம் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று, அவர் பிறந்த நாளிலேயே தோற்றுவிக்கப்பட்டது. இத்துணைச் சிறப்புக்கும் உரியவர் இருபத்தைந்து வயது நிறைவதற்குள் சிறையில் உயிர் நீத்த ஓர் இளைஞர். அவர் எதற்காகப் போராடினார்? அவர் மக்கள் எதனை இழந்தனர்? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

முண்டாக்களின் ஊர்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் பெரும்பகுதி சோட்டாநாக்பூர் என்னும் மேட்டுநிலமாகும். சால மரங்களும் இலுப்பை மரங்களும் அடர்ந்த காடுகளும், குன்றுகளும், சிற்றாறுகளும் நிறைந்தது அந்நிலம். முண்டா, ஹோ, உராவோன் முதலிய பழங்குடியினர் அங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். உராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி, தமிழோடு உறவுடைய திராவிட மொழிகளுள் ஒன்றாகும். முண்டாக்கள் பேசும் முண்டாரி, ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

முண்டாக்களின் முன்னோர் காட்டைத் திருத்தி ஊர்களை அமைத்தனர். ஓர் ஊரை முதலில் அமைத்த குடும்பத்தின் வழித்தோன்றல்கள் அனைவருக்கும் அவ்வூர் நிலம் பொதுவாக உரியது. இவ்வுரிமைக்குக் குந்த்கட்டி என்பது பெயர். ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய வயலை உழுது உண்ணலாம். ஆயினும் எவரும் அதனை வெளியாருக்கு விற்றல் இயலாது. கொல்லர், நெசவாளர் முதலிய பிற குடியினர் ஊருக்கு வந்து தொழில் செய்தால், அவர்களும் பயிரிட்டு வாழ இடம் பெற்றனர். ஊர்த்தலைவர் முண்டா எனப்பட்டார். பல ஊர்களுக்குப் பொதுவான தலைவர் மான்கி எனப்பட்டார். ஊரார் கூடிப் பேசியே வழக்குகளைத் தீர்த்தனர்.

அவ்வூரின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். நீர் தங்கும் தாழ்நிலத்தில் நெல் விளைந்தது. மேட்டுநிலத்தில் தானியங்களும் பயறு வகைகளும் விளைந்தன. ஊரைச் சுற்றிய காடு அனைவருக்கும் பொது. விறகும், வீடு கட்டும் மரமும், இலுப்பைப் பூவும், கனியும், கிழங்கும் அங்கிருந்து கிடைத்தன. கால்நடைகள் மேய்வதற்கும் இடம் விடப்பட்டிருந்தது.

இவற்றோடு வேறு மூன்று இடங்களும் ஒவ்வோர் ஊரிலும் இருந்தன. முதலாவது சர்னா. காட்டைத் திருத்தியபோது முன்னோர் வெட்டாமல் விட்டுவைத்த சால மரத்தோப்பு அது. ஊரைக் காக்கும் தெய்வங்கள் அங்கு உறைவதாக மக்கள் நம்பினர். அதன் மரங்களை எவரும் வெட்டுவதில்லை. இளவேனிற் காலத்தில் சால மரம் பூக்கும்போது, பாஹன் எனப்படும் ஊர்ப் பூசாரி அங்கு வழிபாடு நடத்துவார். இரண்டாவது அக்ரா. இளைஞரும் முதியவரும் கூடி ஆடிப் பாடும் திறந்தவெளி அது. மூன்றாவது சசன் என்னும் ஈமநிலம். இறந்தோரின் எலும்புகளைப் புதைத்து, அவற்றின் மேல் பெரிய கற்பலகைகளைப் பரப்பி வைத்தனர். அக்கற்களுக்குச் சசன்திரி என்பது பெயர். சோக்காஹாத்து என்னும் ஊரில் இத்தகைய கற்கள் 7000-க்கும் மேல் உள்ளன.

சசன்திரிக் கற்களுக்கு மற்றொரு பொருளும் உண்டு. தம் முன்னோர் எந்த ஊரில் கல்லின் கீழ் உறங்குகின்றனரோ, அந்த ஊரே தமக்குரியது என்று முண்டாக்கள் கருதினர். எழுத்தில் வரைந்த பட்டா அவர்களிடம் இல்லை. கல்லே அவர்களின் பட்டா. உழுவதற்கு எவ்விடம், மேய்ப்பதற்கு எவ்விடம், வணங்குவதற்கு எவ்விடம், ஆடுவதற்கு எவ்விடம், இறந்தோர்க்கு எவ்விடம் என்பன அனைத்தும் ஊராரால் வகுக்கப்பட்டிருந்தன. எவரும் வரைபடம் தீட்டவில்லை. ஊரார் ஒவ்வொருவர் நெஞ்சிலும் அவ்வரைபடம் இருந்தது.

ஊர் கைமாறிய வரலாறு

சோட்டாநாக்பூர்ப் பகுதியை நாகவம்சத்து அரசர்கள் ஆண்டனர். தொடக்கத்தில் முண்டாக்கள் அவ்வரசர்களுக்குச் சிறு காணிக்கையே செலுத்தி வந்தனர். பின்னர், அரசர்கள் தம்மிடம் பணிபுரிந்தோர்க்கும், வணிகர்க்கும், வெளியிலிருந்து வந்த பிறர்க்கும் ஊர்களை மானியமாகவும் குத்தகையாகவும் வழங்கினர். அவர்கள் ஊர்க்காணிக்கையை நிலவரியாக மாற்றினர். ஆங்கில ஆட்சி வந்தபின் அவர்களே நிலத்தின் உரிமையாளர்கள் என்று ஏடுகளில் பதிவாயினர். காடு திருத்திய குடும்பத்தார் தம் சொந்த நிலத்திலேயே குடியானவர் ஆயினர். நிலக்கிழாரின் வயலில் கூலியின்றி உழைக்கும் வெட்டிவேலையும் அவர்கள் மேல் சுமத்தப்பட்டது. தம்மைச் சுரண்டிய வெளியாரை முண்டாக்கள் திக்கூ என்று அழைத்தனர்.

1831-32-ஆம் ஆண்டுகளில் கோல் கிளர்ச்சி என்னும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அது அடக்கப்பட்டது, இழப்பு தொடர்ந்தது. அதன்பின், சர்தார்கள் எனப்பட்ட முண்டா தலைவர்கள் பல்லாண்டுகள் விண்ணப்பங்கள் எழுதினர், நீதிமன்றங்களை நாடினர். நீதிமன்றத்தின் மொழி அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களின் கல் நீதிமன்றத்திற்கு விளங்கவில்லை. ஆவணம் கேட்ட அதிகாரியிடம் காட்ட அவர்களிடம் தாள் இல்லை. வழக்குச் செலவு பெருகியது, நிலமோ மீளவில்லை.

பிறப்பும் இளமையும்

இத்தகைய காலத்தில், 1875-ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று, இன்றைய குந்தி மாவட்டத்தைச் சேர்ந்த உலிஹாத்து என்னும் சிற்றூரில் பிர்சா பிறந்தார். தந்தையார் சுகனா முண்டா; தாயார் கர்மி. நிலத்தை ஆண்ட குடியில் பிறந்திருந்தும், சுகனா முண்டா பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதும் கூலிவேலை செய்தும் வாழ நேர்ந்தது. பிழைப்பைத் தேடிக் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. ஆகவே பிர்சாவின் இளமை ஓரிடத்தில் கழியவில்லை. வறுமையின் காரணமாக அவர் சில காலம் தாய்மாமன் ஊராகிய அயுப்ஹாத்துவில் வளர்ந்தார். சிற்றன்னையின் இல்லத்தில் தங்கியிருந்தபோது ஆடு மேய்க்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. அவரோ தம் நினைவில் மூழ்கியிருக்க, ஆடுகள் பிறர் பயிரை மேய்ந்துவிட்டன. அதனால் அடியும் பெற்றார்.

பிர்சா புல்லாங்குழல் ஊதுவதில் வல்லவர். சுரைக்குடுக்கையால் செய்த துயிலா என்னும் நரம்பிசைக் கருவியையும் அவர் இசைப்பார். மாலை வேளையில் அக்ராவில் இளைஞர்களோடு அவரும் ஆடிப் பாடினார். காட்டில் திரிந்து மரம், செடி, கொடிகளை அறிந்தார்.

கற்றதும் விலகியதும்

அவர் முதலில் சல்கா என்னும் ஊரில் இருந்த சிறு பள்ளியில் பயின்றார். அவருடைய கூர்மையான அறிவைக் கண்ட ஆசிரியர், கிறித்தவப் பணியாளர் நடத்திய பள்ளியில் சேருமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அப்பள்ளியில் சேர்வோர் அச்சமயத்தைத் தழுவுதல் வழக்கமாயிருந்தது. பிர்சாவும் கிறித்தவரானார். 1886 முதல் 1890 வரை சாய்பாசா நகரில் ஜெர்மானியப் பணியாளர் நடத்திய பள்ளியில் அவர் கல்வி கற்றார்.

அப்பள்ளி அவருக்கு எழுத்தறிவையும் வெளியுலக அறிவையும் தந்தது. எனினும், நிலத்தை மீட்கப் போராடிய சர்தார்களுக்கும் பணியாளருக்கும் இடையே அந்நாளில் பிணக்கு மூண்டது. சர்தார்களின் பக்கம் நின்ற பிர்சாவின் குடும்பம் அச்சமயத்திலிருந்து விலகியது. பிர்சாவும் பள்ளியை விட்டு நீங்கினார். பின்னர், பந்த்காவ் என்னும் ஊரில் வைணவ நெறியினர் ஒருவரோடு சில ஆண்டுகள் பழகினார். புலால் உண்ணாமை, தூய்மை முதலிய ஒழுக்கங்கள் அங்கு அவரைக் கவர்ந்தன.

காட்டின் மேல் விழுந்த கோடு

1878-ஆம் ஆண்டு இந்தியக் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. உழப்படாத நிலங்களைக் காப்புக்காடு என்றும் பாதுகாக்கப்பட்ட காடு என்றும் அறிவிக்க அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது. முண்டா ஊரின் காடும் மேய்ச்சல் நிலமும் அரசின் ஏட்டில் வெறும் தரிசு ஆயின. உழப்படாத நிலம் எவருக்கும் உரியதன்று. ஆதலின் அது அரசுக்கு உரியது என்பதே அந்த ஏட்டின் கணக்கு. ஊராருக்கோ அது விறகும் உணவும் மருந்தும் தரும் இடம், கால்நடைகளின் வாழ்விடம், தெய்வங்களின் உறைவிடம்.

1893-94-ஆம் ஆண்டுகளில் ஊர்ப் பொதுநிலங்களைக் காட்டுத்துறை எடுத்துக்கொள்வதை எதிர்த்து மக்கள் எழுந்தனர். இளைஞராகிய பிர்சா அவ்வியக்கத்தில் பங்குகொண்டார். காட்டுரிமையை மீட்க வேண்டும் என்று ஊராரோடு சென்று முறையிட்டார். அம்முறையீட்டுக்குப் பயன் கிட்டவில்லை. வயல் ஒருபுறமும் காடு மறுபுறமும் பறிபோன பின் ஊர் என்று சொல்ல எஞ்சுவது யாது என்ற வினா அவர் உள்ளத்தை வருத்தியது.

தர்த்தி ஆபா

1895-ஆம் ஆண்டில் பிர்சா தமக்கு இறைவனின் அருள் வெளிப்பட்டதாக மக்களிடம் கூறினார். இறைவன் ஒருவனே என்றும், பல ஆவிகளுக்கு அஞ்சிப் பலியிடுதல் வேண்டா என்றும் அவர் போதித்தார். மதுவை விலக்கவும், வீட்டையும் ஊரையும் தூய்மையாக வைத்திருக்கவும், சூனியத்தில் நம்பிக்கை கொள்ளாதிருக்கவும் வலியுறுத்தினார். நோயுற்றோரை அச்சமின்றி அணுகிப் பணிவிடை செய்தார். சல்கத் என்னும் ஊரில் அவரைக் காண மக்கள் திரள் திரளாக வந்தனர். அவர்கள் அவரைத் தர்த்தி ஆபா என்று அழைத்தனர்; மண்ணின் தந்தை என்பது அதன் பொருள். அப்போது அவருக்கு இருபது வயது நிறையவில்லை.

முன்னோர் வழிபாட்டில் சிலவற்றை மாற்ற முனைந்த அவர், முன்னோர் விட்டுச்சென்ற நிலமுறையை மட்டும் மாற்றக் கருதவில்லை. முண்டாக்கள் கலகமின்றி, கடனின்றி, வெட்டிவேலையின்றித் தம் நிலத்தைத் தாமே ஆண்ட பழங்காலம் மீண்டும் வரும் என்று கூறினார். உழைத்துத் திருத்தியவனுக்கும் நிலத்திற்கும் இடையே எவரும் நிற்றல் கூடாது என்பதே அவர் கொள்கையின் சாரம். சமயப் போதனையாகத் தொடங்கிய கூட்டங்கள் நிலவுரிமை இயக்கமாக வளர்ந்தன.

ஆங்கில அரசு அஞ்சியது. 1895 ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு சல்கத்தில் அவர் கைது செய்யப்பட்டார். இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு ஹசாரிபாக் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறைக்குப் பின்

1897-ஆம் ஆண்டின் இறுதியில் பிர்சா விடுதலை பெற்றார். அப்போது பஞ்சமும் நோயும் நாட்டை வாட்டின. அவர் மக்களுக்குத் தொண்டு செய்தபடியே ஊர் ஊராகச் சென்றார். 1898-ஆம் ஆண்டில் தொண்டர்களுடன், முன்னோரின் நினைவைச் சுமந்தவை எனத் தாம் கருதிய சுட்டியா கோயிலுக்கும் ஜகந்நாத்பூர் கோயிலுக்கும் சென்று வந்தார். தாம் யார், எங்கிருந்து வந்தோம் என்பதை மக்கள் மறவாதிருத்தல் வேண்டும் என்பது அப்பயணங்களின் நோக்கம்.

இரவு வேளைகளில் டோம்பாரி முதலிய குன்றுகளில் கூட்டங்கள் நடைபெற்றன. சர்தார்களின் நெடுங்கால விண்ணப்பங்கள் பயனற்றுப் போனதைக் கண்ட இளைஞர்கள் இனி வில்லே வழி என்று முடிவு செய்தனர். வெண்ணிறக் கொடி பிர்சாவின் ஆட்சிக்கு அடையாளமாயிற்று.

1899-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று கிளர்ச்சி வெடித்தது. காவலர் மீதும், நிலக்கிழார் மீதும், கிறித்தவப் பணித்தலங்கள் மீதும் அம்புகள் பாய்ந்தன. சர்வதா என்னும் ஊரில் இருந்த பணித்தலமும் தாக்கப்பட்டது. அங்குப் பணியாற்றியவர்களுள் ஜெர்மனியிலிருந்து வந்த ஹாஃப்மன் பாதிரியாரும் ஒருவர். 1900 ஜனவரி 7 அன்று கிளர்ச்சியாளர் குந்தி காவல் நிலையத்தைத் தாக்கினர். காவலர் ஒருவர் கொல்லப்பட்டார்.

அரசு படையை அனுப்பியது. ஜனவரி 9 அன்று டோம்பாரியை அடுத்த சைல் ரகாப் குன்றில் கூடியிருந்த முண்டாக்களைப் படையினர் சூழ்ந்தனர். வில்லும் கல்லும் ஒருபுறம், துப்பாக்கிகள் மறுபுறம். குன்றின் மேல் ஆடவரோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். குண்டு மழையில் பலர் மாண்டனர். டோம்பாரியில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

இறுதி நாள்கள்

பிர்சா அன்று பிடிபடவில்லை. அவரைப் பிடித்துத் தருவோர்க்கு ரூபாய் 500 பரிசு என்று அரசு அறிவித்தது. வறுமையில் உழன்ற சிலருக்கு அது பெருந்தொகை. 1900 பிப்ரவரி 3 அன்று சக்கரதர்பூர்ப் பகுதிக் காட்டில் உறங்கிக்கொண்டிருந்த அவர், பரிசை விரும்பியவர்களால் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைப்பட்டார்.

ராஞ்சி சிறையில் அவரும் தொண்டர் பலரும் அடைக்கப்பட்டனர். வழக்கு முடிவதற்குள், 1900 ஜூன் 9 அன்று பிர்சா சிறையிலேயே இறந்தார். வாந்திபேதி நோயால் இறந்தார் என்று அரசு அறிவித்தது. மக்களுள் பலர் அதனை நம்பவில்லை. அவர் உடல் ராஞ்சியில் கோக்கர் என்னுமிடத்தில் எரியூட்டப்பட்டது. முன்னோரின் கல்லின் கீழ் இடம் பெறுவதையே மண்ணுரிமையின் சான்றாகக் கொண்ட குலத்தில் பிறந்தவர், தம் ஊர்ச் சசனில் இடம்பெறாமல் மறைந்தார்.

ஏட்டில் ஏறிய ஊர்

பிர்சாவின் போர் தோல்வியில் முடிந்தது. ஆயினும், அது எழுப்பிய வினாவை அரசால் புறக்கணிக்க இயலவில்லை. 1902-ஆம் ஆண்டு முதல் ராஞ்சிப் பகுதியில் நில அளவை நடைபெற்றது. அளவையாளர் ஊர் ஊராகச் சென்று, எந்நிலம் எவருடையது, காட்டில் ஊராருக்கு எவ்வெவ்வுரிமை உண்டு என்பனவற்றைப் பதிந்தனர். மக்கள் நெஞ்சில் இருந்த ஊரமைப்பு அரசின் ஏட்டில் ஏறியது.

1908-ஆம் ஆண்டில் சோட்டாநாக்பூர்க் குத்தகைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் முண்டாரி குந்த்கட்டி உரிமையை ஏற்றது. பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்குச் செல்வதைத் தடுத்தது. வெட்டிவேலைக்கும் முடிவு கட்டியது. முண்டாக்களின் நிலமுறையை ஆராய்ந்து விளக்கி, அச்சட்டத்திற்குத் துணைபுரிந்தவர் முன்னர்க் கூறிய ஹாஃப்மன் பாதிரியாரே ஆவார். தம் பணித்தலத்தின் மீது பாய்ந்த அம்பின் பின்னிருந்த துயரத்தை அவர் உணர்ந்துகொண்டார் எனலாம். இச்சட்டம் அனைத்தையும் மீட்டுத் தரவில்லை. குந்த்கட்டி உரிமை முன்னரே சிதைந்துபோன ஊர்கள் பழைய நிலையை அடையவில்லை. இருப்பினும், எஞ்சியதைக் காக்கும் வேலியாக அது இன்றளவும் விளங்குகிறது.

பல ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் வேறொரு சோதனை நேர்ந்தது. கோயல், காரோ என்னும் ஆறுகளின் குறுக்கே அணைகள் கட்டி மின்னாற்றல் பெற அரசு திட்டமிட்டது. வயலுக்கு விலை உண்டு, வீட்டுக்கு விலை உண்டு. சர்னாவுக்கும் சசன்திரிக்கும் என்ன விலை என்று ஊரார் வினவினர். அவ்வினாவுக்கு எந்தக் கணக்கேட்டிலும் விடை இல்லை. நெடிய போராட்டத்திற்குப் பின் அத்திட்டம் 2003-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

பழங்குடியினர் வாழும் அட்டவணைப் பகுதிகளில் ஊர்ச்சபைக்கு அதிகாரம் அளிக்கும் சட்டம் 1996-ஆம் ஆண்டிலும், காட்டின் மீது சமூகத்திற்குள்ள உரிமையை ஏற்கும் சட்டம் 2006-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. நிலத்தைப் பற்றி முடிவு செய்யும்போது அந்நிலத்தில் வாழும் ஊராரைக் கேட்டல் வேண்டும் என்பதே இவ்விரு சட்டங்களின் அடிப்படை. ஊராரின் ஒப்புதலின்றி ஊரைப் பிறர் வகுத்தலாகாது என்று பிர்சாவின் மக்கள் வில்லேந்திக் கேட்டதை, இந்நாடு சட்டமாக எழுத ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

2021-ஆம் ஆண்டு முதல் நவம்பர் 15 பழங்குடியினர் பெருமை நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. ஜார்க்கண்ட் ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் சால மரம் பூக்கிறது. பாஹன் சர்னாவுக்குச் செல்கிறார். அக்ராவில் முழவு ஒலிக்கிறது. முன்னோரின் கற்கள் அங்கேயே கிடக்கின்றன. அவை அங்கேயே கிடக்கும் உரிமைக்காகவே பிர்சா வாழ்ந்தார்.

பயிற்சிகள்

அ. சொற்பொருள் அறிக

வழித்தோன்றல் – பின்வரும் தலைமுறையினர்
ஈமநிலம் – இறந்தோரைப் புதைக்கும் அல்லது எரிக்கும் இடம்
வாரம் – விளைச்சலில் பங்கு கொடுக்கும் முறை
வெட்டிவேலை – கூலி பெறாமல் செய்யும் கட்டாய வேலை
தரிசு – பயிர் செய்யப்படாத நிலம்
பிணக்கு – மனவேறுபாடு
முழவு – ஒருவகைத் தோற்கருவி

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக

1. பிர்சா முண்டா பிறந்த ஊர் ________.
2. ஊர் அமைத்தோரின் வழித்தோன்றல்களுக்கு நிலம் பொதுவாக உரியது என்னும் முறைக்கு ________ என்பது பெயர்.
3. முன்னோர் வெட்டாமல் விட்டுவைத்த சால மரத்தோப்பு ________ எனப்படும்.
4. சோட்டாநாக்பூர்க் குத்தகைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு ________.
5. தர்த்தி ஆபா என்பதன் பொருள் ________.

இ. சரியா, தவறா எனக் குறிக்க

1. குந்த்கட்டி ஊரில் ஒருவர் தம் வயலை வெளியாருக்கு விற்கலாம்.
2. குடுக் மொழி திராவிட மொழிகளுள் ஒன்று.
3. பிர்சா ஹசாரிபாக் சிறையில் உயிர் நீத்தார்.
4. கோயல், காரோ அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. சசன்திரிக் கற்களை முண்டாக்கள் ஏன் பட்டாவாகக் கருதினர்?
2. பிர்சா பள்ளியை விட்டு நீங்கக் காரணம் யாது?
3. 1878-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தால் ஊர்ப் பொதுநிலங்களுக்கு நேர்ந்தது என்ன?
4. ஹாஃப்மன் பாதிரியார் சட்டத்திற்கு எவ்வாறு துணைபுரிந்தார்?

உ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக

1. முண்டா ஊரின் நில அமைப்பை விளக்குக.
2. பிர்சாவின் போர் தோற்றது. அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை. இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

ஊ. பிரித்து எழுதுக

1. ஊர்த்தலைவர்
2. கற்பலகை
3. காட்டுரிமை
4. மின்னாற்றல்
5. வெண்ணிறம்

எ. தொடரை மாற்றி எழுதுக

எடுத்துக்காட்டு: அரசு படையை அனுப்பியது. – அரசால் படை அனுப்பப்பட்டது.
1. முன்னோர் காட்டைத் திருத்தினர்.
2. அச்சட்டம் குந்த்கட்டி உரிமையை ஏற்றது.
3. அளவையாளர் உரிமைகளைப் பதிந்தனர்.

ஏ. செயல்திட்டம்

நீவிர் இப்போது வாழும் பகுதியின் வரைபடம் ஒன்றை வரைக. அதில் அனைவர்க்கும் பொதுவான இடங்களை (பூங்கா, குளம், விளையாட்டிடம், வழிபாட்டிடம் முதலியன) வண்ணமிட்டுக் காட்டுக. பின்னர், உம் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ அவர்தம் சொந்த ஊரில் இருந்த பொது இடங்களைக் கேட்டறிந்து, மற்றொரு வரைபடம் வரைக. இரண்டையும் ஒப்பிட்டு, அவ்விடங்களைப் பற்றி முடிவு செய்வோர் யாவர் என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.